அத்திக்குள் ஒளிரும் நஞ்சு

‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. துருக்கியின் மேற்குக் கோடியில் உள்ள அய்தின் மாகாணத்தில் பழத்தைப் பிளக்காமலேயே குறை கண்டுபிடிக்கப் பழகியிருக்கிறார்கள். அதற்கு வெளிச்சம் உதவாது, இருட்டு வேண்டும்.

உலர் அத்தி பதப்படுத்தும் ஆலைகளில் அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. உள்ளே பகல் வெளிச்சம் துளியும் வராது. நகரும் பட்டையின் மேல் பழங்கள் ஊர்ந்து வரும். மேலே புற ஊதா விளக்குகள். இரு பக்கமும் பெரும்பாலும் பெண்கள், பட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வேலை செய்வார்கள். நூற்றுக்கணக்கான பழங்கள் மங்கலாகக் கடந்துபோகும். திடீரென்று ஒன்று மட்டும் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று மினுங்கும். சட்டென்று ஒரு கை நீண்டு அதைப் பொறுக்கித் தனியே போடும். அந்தப் பழத்தை வெளியே கொண்டுவந்து பக்கத்துப் பழத்தோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. அதே பொன்னிறம், அதே தேன் வாசனை.

அந்த மினுக்கத்தையே நஞ்சு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது கோஜிக் அமிலம் என்ற வேறொரு பொருளோடு தொடர்புடைய ஒளி. பழத்தில் ஒருவகைப் பூஞ்சை குடியிருந்தது என்பதற்கு அது ஒரு கைரேகை, அவ்வளவுதான். திருடனின் கைரேகை கிடைத்தால் திருட்டும் நடந்திருக்கலாம் என்ற ஊகத்தில் பழத்தை ஒதுக்குகிறார்கள். அந்தப் பூஞ்சையின் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அதற்கு அஸ்பெர்ஜில்லஸ் பாரசிட்டிகஸ் என்று ஒரு பங்காளியும் உண்டு. இரண்டும் மண்ணிலும் சருகிலும் வாழ்பவை. இவை சுரக்கும் நஞ்சுதான் அஃப்ளடாக்சின்.

இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது அத்தியால் அல்ல, நிலக்கடலையால். 1960இல் இங்கிலாந்தின் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் புரியாமல் ‘எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் முடிந்தது விசாரணை. பூஞ்சையின் பெயரிலிருந்து அந்த நஞ்சுக்குப் பெயர் கிடைத்தது. புற ஊதா ஒளியில் நீலமாகத் தெரிந்த வகைக்கு ‘பி’, பச்சையாகத் தெரிந்த வகைக்கு ‘ஜி’ என்று ஆங்கில முதலெழுத்துகளைச் சூட்டினார்கள். இவற்றில் மிகக் கொடியது பி1. கல்லீரலுக்குள் போனதும் உருமாறி மரபணுவைப் பற்றிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கிற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மஞ்சள் காமாலை ‘பி’ வைரஸ் ஏற்கெனவே உடம்பில் இருப்பவர்களுக்கு இது இரட்டை இடி. சமையல் சூட்டில் இது முழுதாக அழியாது. கழுவினாலும் போகாது.

பூவே காட்டாத பழம்

அத்தி பூத்தாற்போல என்கிறோமே, அத்தி பூக்காமல் இல்லை. பூக்கள் எல்லாம் பழத்தின் உள்ளே இருக்கின்றன. நாம் பழம் என்று தின்பது நூற்றுக்கணக்கான பூக்களை உள்ளே வைத்துத் தைத்த ஒரு பை. அந்தப் பைக்கு நுனியில் ஒரு சிறு கண் உண்டு. அய்தின் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற ‘சரிலோப்’ ரகம் அந்தக் கண் வழியாக ஒரு குளவி நுழைந்து மகரந்தம் தந்தால்தான் பழுக்கும். கொசுவை விடச் சிறிய குளவி அது. உள்ளே நுழையும் அவசரத்தில் சிறகு பிய்ந்து போகும். திரும்பி வருவதில்லை.

ஜூன் மாதத்தில் அய்தின் விவசாயிகள் ‘இலெக்’ எனப்படும் ஆண் அத்திக் காய்களைக் கோத்துக் கொண்டுபோய்த் தோட்டத்து மரங்களில் தொங்கவிடுவது இந்தக் குளவிகளுக்காகத்தான். கலிபோர்னியாக்காரர்கள் இது தெரியாமல் 1880களில் இதே ரகத்தைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் தழைத்தது, காய் பிடித்தது, பிடித்த காயெல்லாம் உதிர்ந்தது. குளவி இல்லாமல் ஆகாது என்பதை அங்கே பலர் கிராமத்துக் கதை என்று சிரித்துத் தள்ளினார்களாம். 1899இல் குளவியையும் கப்பலேற்றிக் கொண்டுவந்த பிறகுதான் அங்கே பழம் நின்றது.

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. குளவி மகரந்தத்தை மட்டும் சுமந்து வருவதில்லை. பூஞ்சை வித்துகளும் அதன் உடம்பில் ஒட்டி வரலாம். பழம் கனியக் கனியக் கண் விரியும். அப்போது பழ ஈயும் வண்டும் உள்ளே போகும். மாம்பழத்துக்கும் ஆரஞ்சுக்கும் தோல் ஒரு மதில் என்றால், அத்தியின் மதிலில் வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளேயோ சர்க்கரைப் பாகு. பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்று வேண்டும்: தோதான வானிலை.

பதினைந்து நாள் சூதாட்டம்

அய்தின் வழியாக ஓடும் ஆறு பியூக் மெண்டெரெஸ். பழைய கிரேக்கர்கள் இதை மையாண்ட்ரோஸ் என்றார்கள். வளைந்து நெளிந்து ஓடுவதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல் இந்த ஆற்றின் பெயரிலிருந்து பிறந்ததுதான். கிழக்கிலிருந்து மேற்கே ஓடி ஏஜியன் கடலில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் வாய் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. ஜெர்மென்ஜிக், நாசில்லி, இன்ஜிர்லியோவா என்று வரிசையாக அத்தி ஊர்கள். கடைசிப் பெயருக்கு ‘அத்திச் சமவெளி’ என்றே பொருள். உலகத்தின் உலர் அத்தியில் பாதிக்கு மேல் தரும் நாடு துருக்கி. அதன் இதயம் இந்தப் பள்ளத்தாக்கு. ‘அய்தின் அத்தி’ 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் பெற்றது.

இங்கே பழத்தைப் பறிப்பதில்லை என்பதுதான் முக்கியமான சங்கதி. பழம் கிளையிலேயே கனிந்து, வதங்கி, சுருங்கி, தானாகக் காம்பு விட்டு விழும். விழும்போது அதில் 30 முதல் 50 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அதைப் பொறுக்கித் தட்டிகளில் பரப்பி, வெயிலில் காயவைத்து, 20, 22 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், அதாவது நம் ஆவணி, புரட்டாசி வாக்கில் இது நடக்கும். கிளையில் வதங்கத் தொடங்குவதிலிருந்து தட்டியில் காய்ந்து முடிவதுவரை உள்ள நாட்கள் எத்தனை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். ஒரு பண்டத்தில் ஈரம் எத்தனை சதவீதம் என்பதை விட, அந்த ஈரம் பூஞ்சையின் வாய்க்கு எட்டுகிறதா என்பதே கேள்வி. சர்க்கரை நிறைந்த பழத்தில் நீரைச் சர்க்கரை கட்டிப் பிடித்துக்கொள்ளும். கட்டுப்படாத நீரின் அளவை 0 முதல் 1 வரையான எண்ணால் சொல்வார்கள். வெறும் தண்ணீர் என்றால் 1. பச்சைப் பழம் 1க்கு மிக அருகில் இருக்கும். அந்த ஈரத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முந்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிடும், நம் பூஞ்சைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். 0.65க்குக் கீழே போய்விட்டால் உலர் பழத்துக்குக் கவலையில்லை. சிக்கல் நடுவில் இருக்கிறது. 0.80க்கு மேலே, மற்ற நுண்ணுயிர்கள் ஈரம் போதாமல் ஒதுங்கிக்கொள்ளும் ஒரு படியில், அஸ்பெர்ஜில்லஸ் மட்டும் தனிக்காட்டு ராஜாவாக வளரும். 25, 30 டிகிரி சூடும் சேர்ந்தால் நஞ்சு சுரக்கத் தொடங்கும்.

எந்த அத்தியும் இந்த நடுப்படியைத் தாண்டித்தான் கீழே இறங்கியாக வேண்டும். குறுக்குவழி கிடையாது. நல்ல வெயிலும் உலர்ந்த காற்றும் இருந்தால் பழம் அதைத் தடதடவென்று தாண்டிவிடும். மேகம் போட்டால், கடலிலிருந்து ஈரக்காற்று வந்தால், இரவில் பனி இறங்கினால், அதே படியிலேயே நாட்கணக்கில் உட்கார்ந்துவிடும். வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட ‘பொய்ராஸ்’ காற்றை அத்திக்காரர்கள் கொண்டாடுவதும், மேற்கிலிருந்து வரும் கடற்காற்றைக் கண்டு முகம் சுளிப்பதும் இதனால்தான். செப்டம்பரில் முன்கூட்டியே ஒரு மழை பிடித்துக்கொண்டால் அந்த ஆண்டுக் கணக்கே மாறிவிடும். மாடியில் வத்தல் காயப்போட்டுவிட்டு மேற்கே கறுப்பதைப் பார்த்து ஓடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அவர்களுக்குப் போவது ஒரு தாம்பாளம் வத்தல். அங்கே போவது ஒரு வருஷ வருமானம்.

அப்படியானால் மழையில்லாத, கொளுத்தும் கோடை நல்லதா? அதுவும் இல்லை. அஸ்பெர்ஜில்லஸ் சூடு விரும்பி. வறட்சியில் புழுதி பறக்கும், புழுதியோடு வித்தும் பறக்கும். தண்ணீர் கிடைக்காமல் வாடிய செடிக்கு எதிர்த்து நிற்கும் தெம்பும் குறையும். வளரும்போது வறட்சி, காயும்போது ஈரம் என்ற ஜோடிதான் இருப்பதிலேயே மோசம்.

இதற்குச் சாட்சி அத்தியில் மட்டுமல்ல. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமஹால் பகுதிகளில் பருவம் தப்பிய மழையில் மக்காச்சோளம் நனைந்தது. வேறு உணவில்லாத பழங்குடி மக்கள் அதையே வாரக்கணக்கில் தின்றார்கள். காமாலை கண்டு 106 பேர் இறந்தார்கள். அவர்கள் சோற்றில் பங்கு தின்ற வீட்டு நாய்களுக்கும் வயிறு வீங்கியது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் போய் ஆராய்ந்து அஃப்ளடாக்சின்தான் என்று காட்டினார்கள். 2004இல் கென்யாவில் அதே மக்காச்சோளம், 125 சாவு. 2012இல் செர்பியாவில் மழை பொய்த்தது. அந்தக் கோடையின் மக்காச்சோளத்தைத் தின்ற மாடுகளின் பாலில் நஞ்சு இருப்பது 2013 தொடக்கத்தில் தெரியவந்து நாடே அமளிப்பட்டது. அஃப்ளடாக்சின் வெப்ப நாடுகளின் சிக்கல் என்றே ஐரோப்பாவில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சூடு இரண்டு டிகிரி கூடினால் தெற்கு, கிழக்கு ஐரோப்பாவின் மக்காச்சோள வயல்களில் இது வழக்கமாகிவிடக்கூடும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் தலைமையில் 2016இல் வந்த கணிப்பு எச்சரித்தது.

ஒரு பழம், பத்துக் கிலோ

உலர் அத்தியில் எல்லா வகை அஃப்ளடாக்சினும் சேர்த்து ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். அதில் பி1 மட்டும் 6ஐத் தாண்டக் கூடாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2012இல் வகுத்த வரம்பும் மொத்தம் 10தான். எவ்வளவு சிறிய அளவு என்று மனசில் பதியக் கணக்கைத் திருப்பிப் போடுவோம். 15 டன் பழத்துக்கு அனுமதிக்கப்பட்ட நஞ்சு முழுவதையும் திரட்டினால் 150 மில்லிகிராம். ஒரு சாதாரண பாரசிட்டமால் மாத்திரையில் உள்ள மருந்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

இதில் ஒரு வில்லங்கம். இந்த 150 மில்லிகிராம் 15 டன்னிலும் சீராகப் பரவியிருக்காது. சாக்கு சாக்காகப் பழம் சுத்தமாக இருக்கும். எங்கோ ஒரு பழத்தில் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் வீதத்தில் நஞ்சு குவிந்திருக்கும். 20 கிராம் எடையுள்ள ஒரே ஒரு பழத்தில் கிலோவுக்கு 5,000 மைக்ரோகிராம் வீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றில் இருப்பது 100 மைக்ரோகிராம். 10 கிலோ சுத்தமான பழத்தை, அதாவது சுமார் 500 பழங்களை, சட்ட வரம்பின் விளிம்புக்கு இழுத்துவர அந்த ஒன்று போதும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லுபடியாகாது. அதனால்தான் ஐரோப்பாவில் பெரிய சரக்குகளுக்கு 100 இடங்களில் கை விட்டு மொத்தம் 30 கிலோ மாதிரி எடுக்கிறார்கள். அவ்வளவையும் அரைத்துக் கூழாக்கித்தான் சோதனை. அப்படியும் அந்தப் பொல்லாத பழம் கைக்குள் அகப்பட்டால் சரக்கு திரும்பும், அகப்படாவிட்டால் கடைக்குப் போகும். துருக்கியில் தேறிய சரக்கே ஐரோப்பியத் துறைமுகத்தில் தோற்றுத் திரும்புவதற்கு ஊழல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே குவியலிலிருந்து இரண்டு முறை கை விட்டால் இரண்டு விடை வரும்.

இருட்டறையும் முழுக் காப்பு அல்ல. பழத்தின் நடுவே ஒளிந்திருக்கும் பூஞ்சை வெளியே மினுங்காது. மினுங்கும் சில பழத்தில் நஞ்சு இருக்காது. லேசர் கதிரும் கேமராவும் வைத்துப் பொறுக்கும் இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எத்தனை நவீனமானாலும் அவை செய்வது கழிவைப் பிரிக்கும் வேலைதான். காரியம் தோட்டத்தில் கெட்டது, அல்லது தட்டியில்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கோடெக்ஸ் 2008இலேயே உலர் அத்திக்கென்று தனி நடைமுறைக் கையேடு வெளியிட்டிருக்கிறது. விழுந்த பழத்தைத் தரையில் கிடக்கவிடாமல் அடிக்கடி பொறுக்கு. மரத்தடியில் வலை கட்டு. தட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வை. மழைக்கும் பூச்சிக்கும் மூடு. நொந்த பழத்தை அங்கேயே பிரித்துப் போடு. எல்லாம் நம் பாட்டிமார் சொல்லக்கூடிய புத்திமதிகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கூலி ஆகும். நாளுக்கு ஒரு தரம் பொறுக்கியவனுக்கும், வாரத்துக்கு ஒரு தரம் வாரியவனுக்கும் ஒரே விலை என்றால் யார் குனிவார்கள்? ஐரோப்பியர்கள் கிறிஸ்துமஸ் மேசைக்கு அத்தி வேண்டும் என்று செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் ‘முதல் கப்பலுக்கு’க் காத்திருக்கிறார்கள். மழை பெய்த ஆண்டிலும் கப்பலின் தேதி பெரிதாகத் தள்ளிப்போவதில்லை. வாங்குகிற நாடுகள் சோதனைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைத் தட்டிக்கும் வலைக்கும் தந்திருந்தால் இருட்டறைகளுக்கு வேலை குறைந்திருக்கும் என்பது என் கட்சி.

பாயசத்துத் திராட்சை

அத்தியை எப்போதாவதுதான் வாங்குகிறோம், உலர் திராட்சை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதன் எதிரி வேறு. அஸ்பெர்ஜில்லஸ் கார்பொனாரியஸ் என்ற கரும்பூஞ்சை. அதன் வித்துகள் கறுப்பு, ஆகையால் வெயிலுக்கு அசராது. திராட்சைத் தோல் வெடித்த இடத்தில் நுழைந்து ஓக்ராடாக்சின் ஏ என்ற நஞ்சைச் சுரக்கும். இது சிறுநீரகத்தைக் குறிவைப்பது. புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவில் உலர் திராட்சைக்கு இதன் வரம்பு 10 ஆக இருந்தது. 2023 முதல் கிலோவுக்கு 8 மைக்ரோகிராம்.

இங்கேயும் நேரம்தான் சூத்திரம். அய்தினுக்கு வடக்கே மனிசாவில் திராட்சைக் குலையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் ஆலிவ் எண்ணெயும் கலந்த நீரில் முக்கி எடுத்துக் காயவைப்பார்கள். தோலின் மெழுகு விலகுவதால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். முக்காமல் போட்டால் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்கான் பக்கத்திலும் இதே போன்ற முக்கல்தான், கூரையிட்ட அடுக்குகளில் உலர்த்துகிறார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே பருவம் தவறி மழை பெய்தது என்ற செய்தி வந்தால் அது சாங்லிக்காரர்களின் துக்கம் மட்டுமல்ல, நம் பாயசத்தின் சங்கதியும்தான்.

நம் கடைகளில் கிடைக்கும் உலர் அத்தி பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. கயிற்றில் மாலையாகக் கோத்து வருகிறதே, அதுதான். (நம் கிராமத்து அத்தி இதன் உறவு, ஆனால் வேறு மரம். இதைச் சீமை அத்தி என்பதே சரி.) சத்து என்று நம்பி இரவில் இரண்டு ஊறவைத்துக் காலையில் தின்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். தினமும் இரண்டு பழம் தின்பவர் பயந்து விட்டுவிட வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலான பழம் சுத்தமானதுதான். ஆனால் அந்த இரண்டையும் முழுசாக ஊறவைக்காதீர்கள். முதலில் கையால் பிளந்து பாருங்கள். உள்ளே கரும்பொடியோ சாம்பல் நிற நூலாம்படையோ இருந்தால், மக்கல் நாற்றமோ கசப்போ தட்டினால், அந்தப் பழம் குப்பைக்கு. கெட்ட பக்கத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்கிற சிக்கனம் இதில் வேண்டாம். கடையில் திறந்த சாக்கில், மழைக்காலச் சாரலில் கிடப்பதை விட்டுவிட்டு, தேதியும் ஊரும் அச்சிட்ட அடைத்த பொட்டலமாக வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காய்ந்த பழம் மறுபடி ஈரத்தைக் குடித்து அந்த நடுப்படிக்கே ஏறிவிடும். ஆகவே பிரித்த பொட்டலத்தை இறுக மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுப்பு மேடையில் வேண்டாம்.